தேங்காயெண்ணெயில் ஊறின பாக்கெட் வாட்ச்

மரக்காணம் பஜார்ல வாட்ச் ரிப்பேர் பண்ற அப்துல் கையூம் பாயைத் தெரியாதுன்னு எவனாவது சொன்னா, அவன் ஊருக்குப் புதுசுன்னு அர்த்தம். மரப்பெட்டி மாதிரி ஒரு கடை. உப்பளத்து ஆளுங்க யார் போனாலும் மனுஷன் சொல்றது ஒண்ணுதான்: "அங்கயே நில்லு. துணியை உதறிட்டு வா." எனக்கு அப்பல்லாம் பத்திக்கிட்டு வரும். நாங்க என்ன குப்பையில புரண்டுட்டா வர்றோம்?

எழுபத்திநாலாம் வருஷம், எங்க வீட்டுக்காரரு அப்பாதுரைக்கு வலது கால்ல புண்ணு. உப்புத்தண்ணியில நின்னு நின்னு ஆறவே இல்ல. இனிமே உப்புப் பாத்தியில இறங்கினா காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சூப்பர்வைசர் தட்சணாமூர்த்திதான் பாவம் பார்த்து மணியடிக்கிற வேலை குடுத்தாரு. பூவரச மரத்துல ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வேலை தொடங்க, கஞ்சி குடிக்க, வேலை விட, நேரம் பார்த்து அதை அடிக்கணும். நேரம் பார்க்க கம்பெனி பாக்கெட் வாட்ச், சங்கிலியோட. "இது கெட்டா மணியும் இல்ல, நீயும் இல்ல. பழையபடி பாத்திதான்"னு சொல்லித்தான் குடுத்தாரு.

ஒரு சனிக்கிழமை வாய்க்காலைத் தாண்டும்போது அதை உப்புத்தண்ணியில போட்டுட்டு வந்து நிக்கிறாரு. வாட்ச் நின்னுபோச்சு. வாராவாரம் திங்கக்கிழமை சூப்பர்வைசர் அதைத் தன் கடிகாரத்தோட ஒத்துப் பார்ப்பாரு. இவரு தலையில கை வச்சு உட்கார்ந்துட்டாரு. நான் சும்மா இருப்பேனா? அளத்துல இருந்து மண்வெட்டி வந்தாலும் சரி, வாளி வந்தாலும் சரி, நாங்க பண்றது ஒண்ணுதான். நல்ல தண்ணியில கழுவு, தேங்காயெண்ணெய் தடவு. இல்லன்னா விடிஞ்சா துரு. அவரு கால் கழுவப் போன நேரத்துல பின்மூடியைக் கத்தி முனையால நெம்பினேன். ரெண்டு சொம்பு கிணத்துத் தண்ணி ஊத்தி அலசினேன். கிண்ணம் நிறைய எண்ணெய் ஊத்தி அதுல முழுசா முக்கி வச்சேன்.

"அடிப்பாவி! வாட்ச் என்ன மண்வெட்டியாடி?"ன்னு அவரு போட்ட சத்தத்துலதான் எனக்கு உறைச்சுது. அவரு கால் போனா அது என் கையால போனதாத்தானே ஆகும்?

ஞாயித்துக்கிழமை கடை திறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் கிண்ணத்தோட போய் நின்னோம். பாய் துணியை உதறச் சொன்னாரு, உதறினேன். வாட்சைத் திறந்து மோந்து பார்த்தாரு. "யாரு எண்ணெய் விட்டது?"

"இவருதான் பாய்!"னு வீட்டுக்காரரைக் கைகாட்டிட்டேன். வாய் முந்திக்கிச்சு, என்ன பண்ண? அவரு என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

பாய் முதல்ல கடல் பக்கத்துப் பலகையைச் சாத்தினாரு. "உப்புத் தூசி ஒரு பொட்டு உள்ள போனா போதும்மா, பத்து நாள்ல துரு புடிக்கும்"னாரு. அட, துணியை உதறச் சொன்னது இதுக்கா! இத்தனை வருஷம் அந்த மனுஷனைத் திட்டினேனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

கையை சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டாரு. அப்புறமும் ஒரு சக்கரத்தை விரலால தொடல, எல்லாம் சாமணத்தால இடுக்கித்தான். கழட்டின திருகாணியை எல்லாம் கழட்டின வரிசையிலேயே வெள்ளைப் பீங்கான்ல அடுக்கினாரு. சக்கரங்களைப் பெட்ரோல்ல போட்டு, சின்ன பிரஷ்ஷால பல் விளக்குற மாதிரி விளக்கினாரு. அச்சு முனையை, மாலை கட்டுற நெட்டித் துண்டுல குத்திக் குத்தி எடுத்தாரு. ஒவ்வொரு குத்துக்கும் வெள்ளை நெட்டியில கறுப்பு அழுக்கு இறங்குச்சு. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு எழுந்து போனாரு, வந்து விட்ட இடத்துலேயே உட்கார்ந்தாரு. அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. கடைசியில ஊசி முனையில எண்ணெய் தொட்டு வச்சாரு. அரைக் கடுகு கூட இருக்காது. நான் கிண்ணத்துல ஊத்தினதை நினைச்சு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

சாயங்காலம் அசர் பாங்கு சொல்ற நேரத்துக்கு வாட்ச் ஓடிச்சு. வீட்டுக்காரரு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுட்டாரு.

பாய் கண்ணுல மாட்டியிருந்த லென்ஸைக் கழட்டிட்டு சொன்னாரு: "எல்லாரும் உப்புத்தண்ணியில விழுந்த வாட்சைத் துணியால துடைச்சு எடுத்துட்டு வருவாங்க. அதுக்குள்ளயே சக்கரத்தைத் துரு தின்னுடும், நான் கையை விரிச்சுடுவேன். இது பிழைச்சதே, உடனே நல்ல தண்ணியில அலசி, காத்து படாம எண்ணெயில முக்கினதாலதான். பிசுக்கு பெட்ரோல்ல போயிடுச்சு. நிஜமா யாருக்கு வந்த புத்தி இது?"

எங்க வீட்டுக்காரரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நான்தான் பாய்"னாரு. அட கூறுகெட்ட மனுஷா! நெஞ்சு கொதிச்சுது. ஆனா கைகாட்டினவ நானாச்சே, எந்த மூஞ்சியோட வாயைத் திறக்கறது?

பாய்க்கு ஒரு வழக்கம். துடைச்சு ஓடவிட்ட வாட்சுக்கெல்லாம் பின்மூடி உள்பக்கத்துல தேதியும் தன் அடையாளமும் ஊசியால கீறுவாரு. அன்னிக்கும் கீறினாரு. கீறிட்டு என்னைப் பார்த்து, "உன் பேரு என்னம்மா?"ன்னாரு.

"எதுக்கு பாய்?"

"எண்ணெயைத் துடைச்ச துணியெல்லாம் மஞ்சளா இருக்குது. அப்பாதுரை மஞ்சள் பூசியா குளிக்கிறாரு?"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. பேரைச் சொன்னேன். அவரு அடையாளத்துக்குக் கீழ அதையும் கீறி, லென்ஸை என்கிட்ட குடுத்தாரு. எனக்குப் படிப்பு கிடையாது. ஆனா என் பேரு முன்னங்கையில பச்சை குத்தியிருக்கு, அதைப் பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். செல்லம்மாள்.

"பாதி ரிப்பேர் நீ பண்ணதும்மா. நாளைக்கு இதைத் திறக்கிறவனுக்குத் தெரியணும்"னாரு பாய். அப்படி ஒரு மனுஷன் அவரு.

திங்கக்கிழமை சூப்பர்வைசர் ஒத்துப் பார்த்தாரு. ஒரு நிமிஷம் கூட வித்தியாசம் இல்ல. வீட்டுக்காரரு தண்டவாளத்தை அடிச்சாரு. மேஸ்திரி கலியமூர்த்தி ஆள் கணக்கெடுக்க ஆரம்பிச்சான். பன்னெண்டு வருஷமா அந்த அளத்துல உப்பு சுமக்கிறேன், எனக்குப் பேரு "அப்பாதுரை சம்சாரம்". நானும் "இருக்கேன்"னு சொல்லிட்டுப் போயிடுவேன்.

அன்னிக்கும் "அப்பாதுரை சம்சாரம்"னு கூப்பிட்டான்.

"செல்லம்மாள்னு எழுதிக்க"ன்னு சொல்லிட்டு, அவன் எழுதுற வரைக்கும் கூடையைத் தூக்காம அங்கயே நின்னேன்.