ஜன்னலைப் பார்க்கும் இரண்டு நாற்காலிகள்

ஆட்கள் வருமுன் தையல்நாயகி அக்கா இரண்டு நாற்காலிகளையும் ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் போடுவார். எதிரெதிராகப் போடவே மாட்டார். பிறகு ஒவ்வொன்றிலும் தாமே உட்கார்ந்து பார்ப்பார். ஒன்றில் வெயில் அடித்தால் இரண்டையும் சேர்த்தே நகர்த்துவார். "ஒருத்தருக்கு மட்டும் கண்ணு கூசக்கூடாது, தம்பி."

நீதிமன்றத்துக்குப் போகாமல் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் சமரச வக்கீல் அவர். ஊரில் உப்பளம் என்ற பகுதியில் மாடி அலுவலகம். அவருடைய ஜூனியர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம் உண்டு.

அங்கே பேசுவதை வெளியே சொல்லக்கூடாது. லூசியனும் ஏவ்லினும் "எழுதுங்க, நாலு பேருக்கு ஆவும்" என்றதால் எழுதுகிறேன்.

அண்ணன் லூசியன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்று, பாரீசுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். தங்கை ஏவ்லின் குருசுக்குப்பத்தில் அம்மா விட்டுப்போன வீட்டிலேயே இருக்கிறார். வீட்டை விற்றுப் பாகம் கொடு, இல்லையென்றால் வழக்கு என்று அண்ணன் நோட்டீஸ் விட்டிருந்தார். அந்த வீடு போனால் ஏவ்லினுக்கு வேறு கூரை இல்லை.

வந்து உட்கார்ந்த இருவரும் ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தையே முறைத்தார்கள்.

"பட்டாளத்துக்காரரு வாயத் தொறக்கமாட்டாரா?" என்றார் ஏவ்லின்.

"நீ தொறந்தா போதாதா? ஊருக்கே கேக்குமே."

அக்கா சிரித்துவிட்டார். "சண்ட நல்லாத்தான் போடுறீங்க. கொஞ்சம் தனித்தனியா பேசலாமா?"

உள்ளறையில் லூசியன் பாகம், சட்டம், சந்தை விலை என்று அடுக்கினார். அக்கா பிரெஞ்சு மரியாதையில் அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: "போன தடவ வந்தப்ப எங்க தங்குனீங்க, முசியே?"

அவர் முகம் மாறியது.

"ஓட்டல்ல. அவதான் ரூம் போட்டா. வூட்டுக்குப் போனா ரொட்டி, வெண்ணெய், முள்ளு கரண்டி. உள்ள மீன்கொழம்பு கொதிக்குது மதாம், வாசன வருது. எனக்கு இல்ல! எங்கம்மா வூட்ல நான் விருந்தாளி. அப்பிடின்னா வூடே வேணாம், வித்துடுன்னேன்."

"இத நான் அவங்ககிட்ட சொல்லலாமா?"

அவர் தலையசைத்தார்.

கேட்டதும் ஏவ்லின் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ மதாம்! ஏசி இல்லாம அண்ணன் எப்பிடித் தூங்கும், காரம் ஒத்துக்குமான்னு பயந்து செஞ்சேன். அந்தக் கொழம்ப வெக்கப்பட்டு ஒளிச்சில்ல வெச்சேன்!"

மறுபடி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மரத்தைப் பார்த்தபடியே ஏவ்லின் கேட்டார்: "பாயில படுப்பியா?"

"பட்டாளத்துல என்ன, மெத்தையா போட்டாங்க?"

ஒப்பந்தத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஏவ்லின் இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை. முன்னறை லூசியனுடையது, வாசல் சாவி ஒன்றும் அவருக்கு.

"மீன்கொழம்பையும் சேத்துக்கங்க" என்றார் லூசியன்.

"வஞ்சிரம் விக்கிற வெலையிலயா?" என்றார் தங்கை.

கையெழுத்துப் போட்டு எழுந்தபோது லூசியன் நாற்காலியின் கையைத் தடவினார். "ஜோடி நல்லாருக்கே. எங்க வாங்குனீங்க?"

"எங்க வீட்டுதுதான்" என்றார் அக்கா.

அவருடைய சித்தி ஆயம்மா ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் மீதி எனக்குத் தெரிந்தது. மூலக்குளத்து வீட்டுக்காக அக்காவின் அப்பாவும் சித்தப்பாவும் கோர்ட்டுக்குப் போய், பேச்சே அற்றுப்போய், கடைசியில் ஆளுக்கொரு நாற்காலி என்றுகூடப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் இறந்த பிறகு, சித்தியிடம் கேட்டு அக்கா எடுத்து வந்தது அந்த இரண்டாவது நாற்காலி.