புதன்கிழமை மூட்டை

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் தக்காளி அழுகினால் ஒரு வாசம் வரும்... புளிப்பும் சூடும் கலந்து, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். தொண்ணூறுகளில், கல்யாணமான புதிதில், சிங்காநல்லூர் லைன் வீட்டில் எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாசம்தான்.

ரெண்டே ரூம். ஃப்ரிட்ஜ் கிடையாது. அவர் மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப்பில், நான் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்போம்.

சூலூருக்கு அந்தப் பக்கம் என் மாமனாருக்குத் தோட்டம். அத்தை தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. தனியாகத்தான் இருந்தார். புதன்கிழமை தவறாமல் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி ஒரு மூட்டை ஏற்றிவிடுவார். தக்காளி, வரிக்கத்தரிக்காய், அவரை, கீரைக்கட்டு, வெண்டைக்காய், கொய்யா... ரெண்டு பேருக்கு அது பத்து நாளைக்குக் காணும். ஆனால் மூன்று நாள்கூடத் தாங்காது.

மூட்டையைப் பிரித்து வைக்கணும் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்படியே அடுப்படி மூலையில் சாய்த்துவிடுவேன். அடியில் தக்காளி நசுங்கும், அதன் ஈரத்தில் அவரைக்காயில் பூஞ்சை பிடிக்கும், கீரை கறுக்கும். சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டி, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிடுவேன்.

"அப்பா அனுப்புனதெல்லாம் தீர்ந்துதா?" என்று அவர் கேட்டால், "தீர்ந்துதுங்க" என்பேன். அதென்னவோ, பாழாகாமல் வைக்கத் தெரியலை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்படித்தான் கவரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். எதிரே மாமனார். மோட்டாருக்கு ஏதோ பார்ட்ஸ் வாங்க டவுனுக்கு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"என்னம்மணி, கையில?"

"குப்பைங்க மாமா..."

சொல்லி வாய் மூடவில்லை, கனம் தாங்காமல் கவர் அடியில் கொஞ்சம் கிழிந்தது. ஒரு கத்தரிக்காய் உருண்டு அவர் செருப்புக்கிட்டப் போய் நின்றது. குனிந்து எடுத்தார். ஒரு பக்கம் அழுகல், மறுபக்கம் இன்னும் பளபளப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப என் கவருக்குள்ளேயே போட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "சாப்பிட்டுப் போங்க மாமா" என்றேன். "இருக்கட்டும் அம்மணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த புதன் மூட்டை வரவில்லை. அதற்கு அடுத்த புதனும் இல்லை.

"அப்பாவுக்கு வேலையாட்ட இருக்குது" என்றார் வீட்டுக்காரர். எனக்குத்தானே தெரியும். கடையில் வாங்கிய தக்காளியில் ரசம் வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம்தான் அழுதேன். மில்லில் வேலை பார்ப்பவள், என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இல்லை.

"மூட்டையோட வெச்சுப்போட்டா அழுகாம என்ன பண்ணுமுங்க்கா?" என்று சிரித்தாள். கையைப் பிடித்து அவள் அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். தக்காளி பேப்பர் மேல் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், காம்புப் பக்கம் கீழே பார்க்கப் பரப்பியிருந்தது. கொத்தமல்லி வேரோடு டம்ளர் தண்ணீரில் நின்றது. கீரை ஈரத்துணியில். பச்சைமிளகாய் காம்பு கிள்ளி டப்பாவில். அகல மண்சட்டியில் ஈரமணல், அதன் நடுவே ஒரு பானை, மேலே நனைத்த சாக்கு... பானைக்குள் கையை விட்டேன். உள்ளே இருந்த காயெல்லாம் ஜில்லென்று இருந்தது.

"இதெல்லாம் சரிங்க்கா. மொதல்ல உங்க மாமனாருகிட்டப் போய் உள்ளதச் சொல்லிப்போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறினேன். மாமனார் தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"என்னம்மணி, தனியா வந்திருக்கற? ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தான?"

"சௌக்கியந்தானுங்க மாமா. அன்னிக்கு நான் கொட்டுனது... வேணாமுன்னு கொட்டலீங்க. எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியலீங்க. சொல்லறதுக்கும் வெக்கமா இருந்துச்சுங்க."

வாய்க்காலில் குனிந்து கைமண்ணைக் கழுவினார்.

"டவுனுப் புள்ளைக்கு நம்ம காய் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு" என்றார். "உங்கத்தை இருந்தா அளவாத்தான் எடுத்து வெப்பா. எனக்கு அளவு தெரியல. பறிக்கப் பறிக்க மூட்டையில போட்டுப்போடறேன்..."

அன்று அவர் வீட்டில் நான்தான் சமைத்தேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது, "இனி வெறும் சாக்கை பஸ்ஸுல திருப்பி அனுப்பறப்ப, என்ன வேணுமுன்னு ஒரு சீட்டு எழுதிப் போட்டுரு" என்றார்.

அப்படியே செய்தேன். "தக்காளி இருக்குதுங்க மாமா. அவரை மட்டும் அனுப்புங்க. இருமல் தேவலையாங்க?" என்று எழுதுவேன். அவரும் பதில் எழுத ஆரம்பித்தார், கோணல்மாணலாக. "கொய்யா இந்த வாரம் இல்லை. மழை பெய்தது. வேலை வேலையென்று சாப்பிடாமல் இருக்காதே." நேரில் பத்து வார்த்தை பேசாத மனுஷன், சீட்டில் ஒரு பக்கம் பேசினார்.

மாமனார் இப்போது இல்லை. நாங்கள் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். போனில் ஆர்டர் போட்டால் அரைமணி நேரத்தில் காய் வாசலுக்கு வருகிறது. கீரைகூட ஒரு வாரத்துக்கு வாடுவதில்லை.

வசதிதான், குறையே சொல்ல மாட்டேன். அப்போது எதுவும் மூன்று நாளுக்குமேல் தாங்காது... அதனாலேயே வாரம் ஒருமுறையாவது நானும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர், என்ன இருக்கிறது, என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.