சத்தமில்லாத கார்

2009இல் எனக்குத் தெரிந்து லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மின்சாரக் கார் வைத்திருந்த தமிழர் அவர் ஒருவர்தான். ஜெர்மனியில் சில காலம் இருந்துவிட்டு இங்கே வந்த எலக்ட்ரீசியன். நெடிய மனிதர். அந்தச் சின்னக் காருக்குள் முழங்கால்கள் ஸ்டியரிங்கில் முட்ட உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து என்னை வீட்டில் விடுவதாக ஏற்றிக்கொண்டார். கடும் குளிர். அவரோ கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கரகரத்த குரலில் மாதா பாட்டை உரக்கப் பாடினார்.

"அண்ணை, குளிருது. கண்ணாடியை ஏத்துங்கோவன்" என்றேன்.

"ஏலாது தம்பி. இந்தக் கார் வாறது ஒருத்தருக்கும் கேக்காது. போன மாசம் கண் தெரியாத ஒரு மனுசி தடியோட றோட்டில இறங்கிட்டா. ஒரு சாண் இடைவெளியிலதான் கார் நிண்டது. அவவுக்கு ஒண்டும் தெரியாது. அப்பிடியே நடந்து போயிட்டா."

"நீங்கள் இறங்கிச் சொல்லேல்லையோ?"

"சொல்லியிருந்தா அவ பிறகு வீட்டை விட்டுத் தனிய வெளிக்கிடுவாவோ?"

அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.