பனியன் வேஸ்ட்டும் மூன்று கம்பிகளும்

என் மனதைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். எண்ணூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் கிரேனின் எஃகு ரோப் அறுந்து, பெட்டி சரிந்து, என் கூட்டாளியின் வலது கால் போன மறுவாரம் அது. ரோப்பை மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறோம். அதற்கு ஒரு ஆளும் வரவில்லை. மனசுக்கு மட்டும் உடனே வந்துவிட்டார்.

நான் கீழே நின்று கிரேனுக்குக் கைச்சைகை காட்டுகிறவன். ஷிஃப்ட் தொடங்கும்போது கிரீஸ் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரோப்பை உருவிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இழை அறுந்திருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். விபத்தன்று காலை இழுத்தது. மூன்று கம்பித் துண்டுகள் துணியில் சிக்கி ஒடிந்து வந்தன. சூப்பர்வைசரிடம் காட்டினேன். "மொதல்ல லோட ஏத்து, அப்பால பாத்துக்கலாம்" என்றார். ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கூட்டாளி கேட்டது அந்தத் துணியைத்தான். "மாமு, அத்த தொலச்சிடாத. நீ சிக்னல் தப்பா காட்டினன்னு எழுதப் பாக்குறானுங்க." பழைய ரோப் அதற்குள் மாயமாகிவிட்டது. திங்கட்கிழமை விசாரணை. எங்களிடம் மிச்சம் அந்தத் துணி ஒன்றுதான்.

விசாரணைக்கு முன்பு எங்கள் மனம் தெளிய வேண்டுமாம். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். உடல், மனம், ஆன்மா மூன்றும் தனித்தனியாகக் கிடக்கின்றன, ஒன்றுசேர்க்கப் போகிறேன் என்றார் ஆலோசகர். தனியாகப் போனது என் கூட்டாளியின் கால். அதைப் பற்றி அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. "ஆழமா மூச்சை இழுங்க. தூய காற்று உள்ளே போறதை உணருங்க." வாசலில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டிப் புகை விட்டுக்கொண்டிருந்தன. இழுத்தவர்கள் எல்லோரும் இருமினோம். உள்ளிருக்கும் கசடு வெளியேறுகிறது என்று அவர் பூரித்துப்போனார்.

மாலையில் ஒரு மண்சட்டியில் நெருப்பு மூட்டி, உங்களை வதைக்கும் பொருளை இதில் போட்டுவிடுங்கள் என்றார். என் தோளில் கைவைத்து, "நீங்க குற்றவாளி இல்லை" என்றார். அந்த வாரம் முழுக்க யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. அழுதுவிட்டேன். என்ன கேடுகெட்ட புத்தியோ, பையிலிருந்த அந்தத் துணியை எடுத்துப் போட்டேன். கிரீஸ் ஊறிய துணி, குப்பென்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், வெட்கங்கெட்டவன்.

தட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது, கூட்டாளி. "மாமு, துணி பத்திரமா கீதா?"

போனைக் காதோடு இடுக்கிக்கொண்டேன். சட்டியின் முன் மண்டியிட்டுச் சாம்பலுக்குள் கையை விட்டேன். "விட்டதைத் திரும்பத் தேடாதீங்க சார், வளர்ச்சி தடைப்படும்" என்று ஆலோசகர் என் தோளைப் பிடித்தார். "யோவ், தள்ளு" என்றேன். விரல்கள் வெந்தன. அப்போது கட்டைவிரலில் சுருக்கென்று குத்தியது. துணிதான் எரியும், எஃகு எரியுமா?

"மாமு, லைன்ல கீறியா?"

"துணி போச்சு நைனா. கம்பி ரெண்டு கீது. இன்னும் ஒண்ண தேடிக்கினு கீறேன்."