ஒப்படைப்புப் பட்டியலில் இல்லாத பக்கம்

எங்கள் ஊராட்சியின் முகநூல் பக்கத்தைத் திறந்தால், அங்கே முன்னாள் தலைவர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். ஊராட்சியின் பெயரைக் காணோம். அந்த இடத்தில் அவர் பெயர், கூடவே 'மக்கள் சேவகர்' என்று ஒரு பட்டம். குடிதண்ணீர் விடும் நேரம், கிராம சபை அறிவிப்பு, ஊர்க்காரர்கள் போட்ட புகார்கள், அதற்கெல்லாம் நான் மெனக்கெட்டுத் தட்டிய பதில்கள், ஒன்றுகூட இல்லை.

நான் கம்பம் பக்கத்தில் ஓர் ஊராட்சியின் செயலர். ஊர் வாயில் 'கிளார்க்கு'. தலைவரின் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் வரைக்கும் அரசு அமர்த்திய தனி அலுவலர் பொறுப்பேற்றபோது நாற்காலி, மோட்டார், குப்பை வண்டி, விளக்குமாறு வரைக்கும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். முகநூல் பக்கத்தை எழுதவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதைத் தொடங்கியதே தலைவரின் சொந்த செல்போன் நம்பரில். பதவி போனபோது நம்பர் அவரோடு போனது, பக்கமும் போய்விட்டது.

அன்று நான் அதைத் தேடியது எதிரே நின்ற அக்காவுக்காக. சுருளி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். தோட்டத்தை ஒட்டிய சாக்கடைச் சுவர் உடைந்து கிடந்தது. கொடிக்குத் தண்ணீர் பாய்ச்ச அவர்தான் உடைத்தார் என்று யாரோ தனி அலுவலரிடம் ஓதிவிட்டார்கள். கட்டித் தராவிட்டால் போலீசில் புகார் என்று நோட்டீஸ் போயிருந்தது.

"நா எதுக்குத் தம்பி ஒடைக்கிறேன்? குழாய் பதிக்க வந்த ஜேசிபி இடிச்சுச்சு. அன்னைக்கே போட்டோ எடுத்து ஒங்க பேஸ்புக்குல போட்டேன். 'எங்க வேலையிலதான் இடிஞ்சது, கட்டித் தாரோம்'னு ஆபீஸ்ல பதில் போட்டாகளே."

போட்டது நான்தான். தலைவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தட்டினேன். காகிதத்தில் வந்த மனு என்றால் பதிவேட்டில் ஏறியிருக்கும். போனில் வந்ததைப் போனிலேயே முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

முன்னாள் தலைவரை அழைத்தேன்.

"அடுத்த எலெக்சனுக்கு வேணும்ல, அதான் பேர மாத்துனேன். பழசெல்லாம் அழிச்சாச்சு."

"அது அரசாங்க ஆவணம்ணே."

"ஏலே, பேஸ்புக்கெல்லாம் எப்பலே ஆவணமாச்சு?"

ஊர்ச் சொத்தைத் தூக்கிக்கொண்டு போன மனுசனுக்குக் குரலில் ஒரு கூச்சம் வேண்டாமா?

தனி அலுவலரிடம் நடந்ததைச் சொன்னேன். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். உங்க வாயை எப்படிங்க ஃபைல்ல வைக்கிறது?" என்றார்.

மறுநாள் காலையில் அக்கா டிவிஎஸ் எக்ஸெல்லில் பெரிய ஃபிளக்ஸ் சுருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அலுவலக வாசலில் விரித்தபோது ஆட்டுப் புழுக்கை வாடை தூக்கியது. 'உடனடியாகப் பதில் தந்த தலைவருக்கு நன்றி' என்று மேலே. நடுவில் தலைவர் கும்பிட்டபடி. கீழே என் பதில், ஊராட்சியின் பெயரோடும் தேதியோடும், எழுத்துக்கு எழுத்து.

எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் ஃபிளக்ஸ், கருமாதிக்கும் ஃபிளக்ஸ். ஊராட்சி பதில் சொன்னதே அதிசயம் என்று அக்காவின் கணவர் அந்தப் பதிலைப் போனில் படம் எடுத்து, ஃபிளக்ஸாக அடித்து, பஸ் ஸ்டாப்பில் கட்டியது அது. பிறகு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையானது.

தனி அலுவலர் குனிந்து படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். நோட்டீஸை அங்கேயே ரத்து செய்தார்.

அக்கா சுருட்டப் போனார். "இது இனி ஆபீஸ் ரெக்கார்டுக்கா, தர முடியாது" என்றேன்.

"அப்ப வாங்கிக்கிட்டேன்னு எழுதி, சீல் வச்சுக் குடுங்க தம்பி."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"இதையும் பெருசா ஃபிளக்ஸ் அடிச்சு வச்சுக்கிடுறேன். ஒங்கள நம்ப முடியாது. ஆட்டுக்கும் கூரை வேணும்ல."