குலவைக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தேன். பல வருஷம் கேசட் ஓட்ட இரண்டு டெக், சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு மிக்ஸர், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். சொல்லித்தர ஆள் இல்லை. கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. படம் மட்டும் பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் நான் செய்த மூன்றாவது கல்யாணம் ஆழ்வார்குறிச்சியில் நடந்தது. கேசட் கொடுத்து நாலு நாள் இருக்கும். காலையில் கடை திறந்த கையோடு பெண்ணின் அத்தை வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் பையிலிருந்து கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, நான் போட்ட கொலவ எங்க?"

கேசட்டின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன்.

"தாலி கட்டும்போது கொலவ போட்டது நாந்தான். இதுல வாய் அசையுது, சத்தத்தக் காணும். எதுத்த வீட்டுக்காரி, 'மதினி, கொட்டாவி விடுதீங்களா'ன்னு கேக்கா. எனக்குத் தொண்ட போயிட்டாம். அவ மக வளைகாப்புக்கு வேற ஆளக் கூப்பிடப் போறாளாம்."

தெருவில் எந்த விசேஷம் என்றாலும் முதல் குலவை அவருடையதுதானாம். அன்றைக்குச் சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாரையும் டிவி பார்க்க வரச் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுக்காரியையும்தான்.

"சத்தத்தோடதான் நான் பஸ் ஏறுவேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். மேளம் நாலு தெரு தள்ளிக் கேட்பதுபோல இருந்தது. குலவை இல்லவே இல்லை. அந்த அம்மா திரையில் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏலே, கேமராக்காரன் மைக்க மூடிட்டானா?"

கேமராவில் எடுத்த டேப்பைப் போட்டேன். குலவை கணீரென்று வந்தது.

"கேட்டேளா அண்ணாச்சி? எந்தொண்ட நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

அப்படியென்றால் தப்பு என்னுடையது. நல்லவேளை, அந்தக் கல்யாணத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து இன்னும் அழிக்கவில்லை.

தாலி கட்டி ஒரு நிமிஷம் கழித்து நான் ஒரு சினிமாப் பாட்டு சேர்த்திருந்தேன். அது அமுக்குகிறதோ என்று பாட்டை எடுத்துவிட்டுக் கேட்டேன். குலவை இல்லை. பாட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டு ஸ்பீக்கரைக் கூட்டினேன். இரைச்சல்தான் கூடியது.

"பைய பாருங்க தம்பி. மூணரை பஸ்ஸப் பிடிச்சாப் போதும்" என்றார் அம்மா. முதலாளி அவருக்கு டீ சொன்னார்.

கம்ப்யூட்டரில் சத்தத்துக்கு ஒரு கோடு உண்டு. கோட்டில் புள்ளி வைத்து மேலே தூக்கினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். மண்டபத்துச் சத்தத்தின் கோட்டில் இரண்டே புள்ளி வைத்திருந்தேன். படம் தொடங்கும் இடத்தில் மேலே ஒன்று, பாட்டு தொடங்கும் இடத்தில் கீழே ஒன்று. கீழே இருந்த புள்ளியை அழித்துப் பார்த்தேன். குலவை வந்துவிட்டது. ஆனால் பாட்டும் மேளமும் முட்டிக்கொண்டன.

பாட்டுக்கு வைத்த புள்ளி, அதற்கு முன்னால் வரும் குலவையை எப்படிக் குறைக்கும்? புள்ளியைத் திரும்ப வைத்துவிட்டுக் கோட்டை முழு நீளத்துக்குப் பார்த்தேன். படம் தொடங்கும் இடத்திலிருந்து கோடு சரிந்துகொண்டே வந்தது. பாட்டுக்குப் பக்கத்தில் வரும்போது தரையைத் தொட்டுவிட்டது. குலவை அங்கேதான் கிடந்தது.

மிக்ஸரில் குமிழை இறக்கினால், இறக்கின நேரத்திலிருந்துதான் சத்தம் குறையும். அதுவரை வைத்த இடத்தில் நிற்கும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராகக் கோடு இழுத்துவிடுகிறது. போன இரண்டு கல்யாணத்தில் பாட்டு தொடக்கத்திலேயே வந்ததால் தெரியவில்லை.

பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், குலவை முடிந்த இடத்தில், மேலே இன்னொரு புள்ளி வைத்தேன். கோடு அதுவரை சரியாமல் வந்து, அப்புறம் இறங்கியது. அவ்வளவுதான் வேலை. அம்மா பட்ட கஷ்டத்துக்குக் குலவையை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தேன்.

ஓட்டினேன். மேளம் கொட்டியது. குலவை கிளம்பியது. ஸ்டூலில் இருந்த அம்மா தன்னை அறியாமல் எழுந்து, திரையில் இருந்தவரோடு சேர்ந்து இன்னொரு குலவை போட்டார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. டீ கிளாஸ் எடுக்க வந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றார்.

"என்னவே அண்ணாச்சி, உள்ள யாருக்குக் கல்யாணம்?"

"இவனுக்கும் கம்ப்யூட்டருக்கும்" என்றார் முதலாளி.

புதிதாகக் கேசட்டில் ஏற்றி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. அம்மா அதைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"தம்பி, நான் போட்டதவிட இது கொஞ்சம் கூடக் கேக்கு, என்ன?"

"ஆமாம்மா. கூட்டிட்டேன். கொறைக்கவா?"

யோசித்தார். "வேண்டாம். எதுத்த வீட்டுக்காரிக்குக் காது கொஞ்சம் மந்தம். இருக்கட்டும்."