இறக்கம் பாத்து நிறுத்துத காரு

எனக்கு நாப்பத்தேழு வயசுல மொத காரு வந்துச்சு. காருக்கு அப்ப பத்தொம்பது வயசு. எங்க ரெண்டு பேருக்குமே காலைல எந்திரிக்கதுதான் கஷ்டம். எந்திரிச்சிட்டோம்னா சாயங்காலம் வரைக்கும் ஓடிருவோம்.

கடையநல்லூர்ல ஒரு பாய்கிட்ட வாங்கினேன். அவரு சவுதில வேலை பாக்குதாரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வந்து, நாலு விருந்துக்கு ஓட்டிட்டு, பழைய போர்வையப் போட்டு மூடி வச்சிட்டுப் போயிருவாரு. சின்ன வெள்ளை வண்டி. போர்வைய எடுத்ததும் அது என்னைய பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன். பாய் சொன்னாரு: "அண்ணாச்சி, இது பெட்ரோலக் குடிக்காது. மோந்துதான் பாக்கும்."

அந்த ஒரு வார்த்தைல நான் விழுந்துட்டேன். டயரப் பாக்கல, அடில துருவப் பாக்கல. உடனே சாவிய வாங்கிட்டேன்.

சுரண்டைல எனக்கு உரக் கடை. இருவது வருசமா தென்காசிலருந்து பைக்லதான் போக்குவரத்து, அதையும் வித்துத்தான் காரு வாங்கினேன். லைசென்ஸ் மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்து பீரோல வச்சிருந்தேன், நகை மாதிரி. காரு வந்த மொத வாரம் எனக்குத் தரையில கால் பாவல. பல்லு தேய்ச்சிக்கிட்டே வெளிய போயி ஒரு தடவ பாத்துட்டு வருவேன். கடைக்கு வாரவங்க யூரியா என்ன விலைன்னு கேட்டா, "அது கெடக்கட்டும், வண்டி லிட்டருக்கு இருவது குடுக்குது தெரியுமா"ன்னு ஆரம்பிச்சிருவேன். ரெண்டு மூணு பேரு வேற கடைக்குப் போயிட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டேன்.

மூணாவது வாரம் சாவியத் திருகினா 'டக்'னு ஒரு சத்தம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மெக்கானிக் வந்து குனிஞ்சி பாத்துட்டு, "செல்ஃப் மோட்டார் போயிட்டு அண்ணாச்சி. பழைய மாடலு, பார்ட்டு வெளியூர்லருந்து வரணும். அதுவரைக்கும் இறக்கம் பாத்து நிறுத்துங்க. லேசா உருட்டி, ரெண்டாங் கியர்ல கிளச்ச விட்டியள்னா பிடிச்சிக்கிடும்"ன்னாரு.

அன்னைலருந்து நான் தென்காசியோட மேடு பள்ளத்துல டாக்டர் பட்டம் வாங்குத அளவுக்குப் போயிட்டேன். மழை பெஞ்சா எல்லாரும் குடையத் தேடுவாங்க. நான் ரோட்டுல தண்ணி எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாப்பேன். எங்க வீட்டு வாசல் மட்டமா இருக்கும், அதனால நாலு வீடு தள்ளி, தெரு சரியுத மூலைலதான் நிறுத்துவேன். வீட்டுல மட்டும் சொல்லல. குடும்பத் தலைவன் வாங்கின மொத காரு, தள்ளுனாத்தான் ஓடும்னு எப்படிச் சொல்ல?

"வீட்டு வாசல விட்டுட்டு ஏன் அந்த மூலைல கொண்டு போயி நிறுத்துதிய?"ன்னு என் வீட்டுக்காரி கேட்டா.

"அங்கனதான் நிழலு."

"பொழுது அடைஞ்ச பொறவும் நிழலா?"

நான் துண்ட எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

இந்தக் காரு எனக்கு விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்ல. அவ அக்கா வீடு திருநெல்வேலில. அங்க ஏழு பேரு உக்காருத பெரிய காரு. வருசா வருசம் குத்தால சீசனுக்கு வருவாங்க, எங்களையும் ஏத்திக்கிட்டு அருவிக்குப் போவாங்க. சகலை ஓட்டுவாரு, அவ அக்கா, அதான் எனக்கு மதினி, முன் சீட்டு, நடுவுல பிள்ளைங்க. கடைசில, சைடு பாத்துப் போட்டிருக்க சின்ன சீட்டுல, நாங்க ரெண்டு பேரும் புளியோதரை வாளியும். திரும்பி வரும்போது எல்லார் ஈரத்துணியும் அவ மடில. பதினஞ்சு வருசமா குத்தாலம் போற ரோட்ட அவ ஜன்னல் வழியா சைடுலதான் பாத்திருக்கா.

காரு வந்த அன்னைக்கே ஒண்ணு சொன்னா. "இந்த சீசனுக்கு அக்காவையும் அத்தானையும் நம்ம கார்ல கூட்டிட்டுப் போணும். நான் முன் சீட்ல உக்காரணும். போயி, வந்து, வீட்டு வாசல்லதான் எறங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சாரல் பிடிச்சதும் அவளே போன் போட்டுட்டா. பார்ட்டு இன்னும் வரல. அக்கா பிள்ளைங்களும் எங்க பிள்ளையும் வெளியூர்ல படிக்கிதாங்க, அதனால ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரு மட்டும் வந்து எறங்கினாங்க. பெரிய காரு எங்க வாசல்ல நின்னுச்சு. என் காரு மூலைல நிழல்ல.

சகலை நேரா போயி முன் கதவுல கை வச்சாரு. எந்தக் காருன்னாலும் அவரு முன்னாடிதான், அது யோசிச்சிப் பண்ணுதது இல்ல.

"அத்தான், அந்தக் கதவு கொஞ்சம் எடக்கு. நீங்க பின்னால ஏறுங்க"ன்னுட்டு அவ அந்த எடக்குக் கதவ ஒரே இழுப்புல தெறந்து உக்காந்துட்டா. பெல்ட்டப் போட்டா. பைய மடில வைக்காம பின்னால அக்காகிட்ட குடுத்தா. கல்யாணத்தன்னைக்குக்கூட அவ இவ்வளவு நிமுந்து உக்காந்து நான் பாக்கல.

மூலைலருந்து உருட்டினேன், சத்தமில்லாம பிடிச்சிக்கிடுச்சி. பின்னால யாருக்கும் தெரியல. இலஞ்சி தாண்டினதும் மலை முழுக்க மேகம். காத்து முகத்துல தெளிக்கி. ஐந்தருவி ஏத்தத்துல வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குச்சு.

"என்ன சகலை, ஏறுமா? நான் வேணா எறங்கி நடக்கட்டுமா?"ன்னாரு பின்னாலருந்து.

"உக்காருங்க அண்ணாச்சி. நடந்தியள்னா எங்களுக்கு முந்திப் போயிருவிய."

ஏறிருச்சி. பலாப்பழக் கடைக்குப் பக்கத்துல ஒரு அருமையான இறக்கம். கடவுளே எனக்காகப் போட்டு வச்ச மாதிரி. வண்டிய அங்கன ஒடிச்சேன். பார்க்கிங் ஆளு விசிலோட ஓடி வாரான்.

"இங்கன போடாதிய. உள்ள விடுங்க. மூக்கு சுவத்தப் பாத்து."

"இறக்கத்தப் பாத்து போட்டுக்கிடுதேன் தம்பி."

"ஏன், அதுவா வீட்டுக்குப் போயிருமா?"

பின்னால சகலை சிரிச்சாரு. நான் உள்ள விட்டேன். மட்டமான தரை, மூக்குக்கு முன்னால சுவரு. இஞ்சின ஓட விட்டுட்டே குளிக்கப் போயிரலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். லிட்டருக்கு இருவதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, நிக்கித வண்டில பெட்ரோல எரிக்க மனசு வரல. அணைச்சிட்டேன். ஒரு கருமி செய்யுத தப்பு வேற யாரு செய்யப் போறா?

அருவி தலைல விழுந்துச்சு. எல்லாரும் கூச்சல் போட்டுக் குளிக்காங்க. எனக்குத் தலைல தண்ணி, உள்ள சுவரு.

திரும்பி வந்து ஏறினோம். சகலை ஈர லுங்கி, தோள்ல துண்டு. சாவியத் திருகினேன். டக். இன்னொருக்கா. டக்.

"செல்ஃப் போயிட்டோ?"ன்னாரு சகலை.

"இப்பதான் போயிருக்கும்னு நெனைக்கேன்."

"சரி, எல்லாரும் எறங்குங்க. தள்ளுவோம்."

மதினி எறங்கினாங்க, வாளியோட. சகலை எறங்கினாரு. பார்க்கிங் ஆளும் பாவம் பாத்து வந்தான். என் வீட்டுக்காரி மட்டும் அசையல.

"ஏட்டி, எறங்கு. கனம் குறையும்"னேன், மெதுவா.

"நான் எறங்கல."

"கொஞ்ச நேரம்தான்."

"பதினஞ்சு வருசமா ஈரத்துணிய நான் சொமந்தேன். ஒருக்கா என்னைய அத்தான் சொமக்கட்டும்."

அது சகலை காதுல விழுந்துட்டு. என்ன சொல்லுவாரோன்னு பாத்தேன். துண்ட எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டினாரு. "உக்காரு தாயி, உக்காரு"ன்னுட்டு கை வச்சாரு.

பின்னால தள்ளி, திருப்பி, வெளிய போற வாசலுக்குக் கொண்டு வந்தாங்க. அங்கருந்து இறக்கம். உருண்டுச்சு. ரெண்டாங் கியரு, கிளச்ச விட்டேன், ஒரு குலுக்கு, பிடிச்சிக்கிடுச்சி. அவ்வளவு சந்தோசம் எனக்குப் பிள்ளை பொறந்தப்பதான் வந்துச்சு.

நிறுத்தணும்தான். ஆனா எனக்கு நிறுத்தினா இஞ்சின் அணைஞ்சிருமோன்னு பயம், பின்னால ரெண்டு வேனும் ஒரு பஸ்ஸும் ஆரன் அடிக்கி, முன்னால போலீஸ்காரர் போ போன்னு கை காட்டுதாரு. போயிட்டேன். கண்ணாடில பாத்தா, ஒரு கைல லுங்கியப் பிடிச்சிக்கிட்டு ஓடி வார சகலையும், வாளியோட மதினியும் சின்னதாயிட்டே போறாங்க.

அன்னைக்குக் கூட்டத்துக்காக ஒரு வழிப் பாதை போட்டிருந்தாங்க. வந்த வழியா திரும்ப முடியாது. செங்கோட்டை ரோட்டுக்குப் போயி முழுசா சுத்தித்தான் வரணும்.

எங்க ஈரத்துல கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிட்டு. அவ துண்ட எடுத்து எனக்கு முன்னால தொடைச்சா, பொறவு அவளுக்கு முன்னால தொடைச்சா. வயலு, தென்னை, மலைல மேகம், எல்லாம் நேரா வந்துச்சு.

"எனக்குத் தெரியும்"னா.

"என்னது?"

"நிழலாம் நிழலு. நீங்க உருட்டி ஓட வைக்கத பால்காரர் எப்பவோ சொல்லிட்டாரு. அதான், தள்ளணும்னு வந்தாலும் எறங்கக் கூடாதுன்னு காலைலயே முடிவு பண்ணிட்டேன்."

போன் அடிச்சுது. அக்கா. "வாரோம்க்கா. அங்கனயே நில்லுங்க. அத்தானுக்குச் சூடா மொளகா பஜ்ஜி வாங்கிக் குடு"ன்னுட்டு வச்சிட்டா.

ரோடு பிரியுத எடம் வந்துச்சு. ஒரு பக்கம் போனா சீக்கிரம் ஐந்தருவி. இன்னொரு பக்கம் பேரருவி வழியா சுத்து.

"பேரருவி வழியாப் போங்க"ன்னா.

"பெட்ரோல் ஆகுமே."

"இது மோந்துதான பாக்கும்."

பேரருவி வழியாப் போனேன். சீசன் கூட்டத்துல ஊர்ந்துதான் போக முடிஞ்சுது, அவளுக்கு அதுல ஒரு குறையும் இல்ல. கடைக் கடையா பாத்துக்கிட்டே வந்தா.

ஐந்தருவில சகலை பஜ்ஜியோட நின்னாரு. எங்களப் பாத்ததும் யாரும் சொல்லாமலே பின் கதவத் தெறந்து ஏறி, முன்னால கைய நீட்டி அவளுக்கு ஒரு பஜ்ஜி குடுத்தாரு. எனக்குக் குடுக்கல. மதினி ஈரத்துணிய மடில வச்சிக்கிட்டாங்க.

தென்காசி வந்தோம். மூலைக்குப் போகாம நேரா எங்க வீட்டு வாசல்லயே கொண்டு போயி நிறுத்தினேன், மட்டத்துல. மறுநாள் சுரண்டைக்கு பஸ்ல போனேன்.